துணிக்கொடி, நானூற்று முப்பது

என் கணவர் வெர்லின் டாக்கெட்டுக்கு இடது காது மந்தம். ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருடம் நின்றதில் வந்தது அது. தொழிற்சாலையை மூடிய பிறகு மாவட்டச் சாலைத் துறையில் சேர்ந்து, சரளை நிரவும் வண்டி ஓட்டினார். எங்கள் சாலையில் எந்த மழைக்கு எந்தக் குழி திறக்கும், சாலையோரத்தில் யார் வீட்டுத் தபால்பெட்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தபால்பெட்டி ஒன்றைக்கூட அவர் வண்டி உரசியதில்லை. மிசௌரியின் இந்தத் தெற்கு மலைப்பக்கத்தில் அப்படி ஓட்டுகிறவர் குறைவு.

ஓடைமேல் உள்ள தரைப்பாலத்தில் ஆரம்பித்து மேட்டின் உச்சிவரை ஒன்பது வீடுகள். கடைசி வீடு எங்களுடையது. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடினால் எனக்கு வாய் எழாது. சர்ச்சில்கூடக் கதவுப் பக்கத்து பெஞ்சில்தான் உட்காருவேன். ஆனால் ஒரு வீட்டில் சாவு என்றால், பிரசவம் என்றால், அறுவை சிகிச்சை என்றால், என் கண்ணாடிப் பாத்திரம் அங்கே போய்விடும். கோழியும் நூடுல்ஸும், இல்லாவிட்டால் பீச் பழம் போட்டுச் சுட்ட இனிப்பு. பாத்திரத்தின் அடியில் காகித டேப் ஒட்டி என் பெயரை எழுதியிருப்பேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பாத்திரத்தைத் திருப்பித் தர அவர்கள் வரவேண்டும். வந்தால் வெறும் பாத்திரமாகத் தரமாட்டார்கள், ஒரு காபி குடிக்காமல் போகவும் மாட்டார்கள். நான் பேச வேண்டியதையெல்லாம் அந்தப் பாத்திரம் பேசிவிடும். இந்தச் சாலையில் எனக்கு இருந்த இடம் அது ஒன்றுதான்.

வெர்லின் முதலில் துப்பாக்கியும் கையுமாக இருந்தவர் இல்லை. சில வருடங்களுக்குமுன், விழுந்ததும் உறைகிற அந்தப் பெரிய பனிக்கட்டி மழையில் பதினோரு நாள் மின்சாரம் போனபோது, ரம்பத்தை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய் விழுந்த மரங்களை அறுத்துக் கொடுத்தவர் அவர். ஆறாவது நாள் வீடு திரும்பியபோது எங்கள் கொட்டகையில் ஜெனரேட்டர் இல்லை. சங்கிலியை வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. டயர் தடம் மட்டும் கீழ்ப்பக்கமாக, எட்டு வீடுகள் இருந்த பக்கமாக இறங்கியிருந்தது. வெர்லின் அந்தத் தடத்தின் அருகே வெகுநேரம் குந்தியிருந்தார்.

அடுத்த வசந்தத்தில்தான் துப்பாக்கி பார்க்க ஆரம்பித்தார். வீட்டில் மான் வேட்டைக்கு ஒன்று இருந்தது. அது போதவில்லை. டவுனில் டார்சி ப்ரூவிட்டின் துப்பாக்கிக் கடைக்குப் போவோம். தூண்டில் புழு டப்பாக்கள் வைத்த குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி உண்டு. நான் அதில் உட்கார்ந்துகொள்வேன். சுவரில் பச்சை முகமும் தொங்கும் தாடையுமாக ஜாம்பிப் படங்கள் இருக்கும், சினிமாவில் எழுந்து நடந்து ஆள் மூளையைத் தின்னும் பிணங்கள். சுட்டுப் பழகுவதற்காக விற்பவை. அந்த வருடங்களில் ஆண்கள் எல்லோரும் ஜாம்பி ஜாம்பி என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதி விளையாட்டு. மீதிப் பாதி என்ன என்று யாரும் கேட்கவில்லை.

"எதுக்குடா உனக்கு ஆயிரம் கஜம் சுடற துப்பாக்கி?" என்றார் டார்சி. "ஜாம்பி நொண்டி நொண்டித்தான வரும்? கிட்ட வர்ற வரைக்கும் உக்காந்து காபி குடியேன்."

"கிட்ட வந்தா மூஞ்சி தெரியும் டார்சி," என்றார் வெர்லின்.

டார்சி மேசையைத் தட்டிச் சிரித்தார். நான் புழு டப்பாவின் மேல் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மூன்று வருடத்தில் மூன்று துப்பாக்கிகள் வந்தன. முதலில் முந்நூற்றெட்டு என்கிற ரகம். "கடையெல்லாம் காலியானாலும் இந்தத் தோட்டா எவன் வீட்டுலயாவது இருக்கும்" என்பது அவர் கணக்கு. அடுத்தது ஆறரை. காற்று அடித்தாலும் அதன் தோட்டா அவ்வளவாக விலகாது, தோளையும் இடிக்காது. கடைசியாக மேக்னம். அதைச் சுட்டுவிட்டு வந்த நாள், தோளில் கத்திரிக்காய் நிறத்தில் கன்றியிருந்ததை எனக்குக் காட்டினார். கடையிலிருந்து திரும்பும் நாற்பது நிமிடமும் குழல் நீளம், தொலைநோக்கியின் கண்ணாடி, தோட்டா எத்தனை அங்குலம் தாழும் என்று பேசிக்கொண்டே வருவார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் அவ்வளவு பேசியதில்லை. எனக்குப் பாதிதான் புரியும். பேசட்டும் என்று இருந்தேன். அது என் தப்பு.

எங்கள் பக்கம் மலையும் ஓக் காடும்தான். முந்நூறு கஜத்துக்குமேல் பார்வையே போகாது. ஹாலிஸ் கிராப்ட்ரீ இதைச் சொல்லியே கிண்டல் செய்வார். எங்களுக்குக் கீழே மூன்றாவது வீடு அவருடையது. வெர்லினோடு பள்ளியில் படித்தவர், தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருக்கிறவர்.

"ஆயிரம் கஜத் துப்பாக்கிய வாங்கி எதடா பாப்ப? அணில் முதுகயா?"

மூன்றாவது துப்பாக்கி வந்த வருடம் அக்டோபரில் வெர்லின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஐந்து வால்நட் மரங்களையும் அறுத்துத் தள்ளினார். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்தக் காய்களைப் பொறுக்கி, தீவனக் கடையில் தோலுரிக்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோவது நான்தான். என் விரல்களில் ஏறிய கறுப்பு நவம்பர் முடியும்வரை போகாது. மரங்கள் விழுந்தபின் பார்த்தால், எங்கள் மேட்டிலிருந்து தரைப்பாலம்வரை திறந்து கிடந்தது. இத்தனை காலம் எங்கள் வீட்டிலிருந்து யார் வீடும் தெரிந்ததில்லை. இப்போது எல்லா வீடும் தெரிந்தது. அந்த அடிமரங்களையே கால்களாக வைத்து ஒரு பரண் கட்டினார்.

கிண்டல் இன்னும் கூடியது. ஹாலிஸ் தன் வாசலில் நின்றபடி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கால் இழுத்து இழுத்து நடந்து காட்டுவார். "மூள... மூள..." என்று முனகுவார். பிறகு மேலே பார்த்துக் கத்துவார்: "வெர்லின்! ஞாயித்துக்கிழம வரைக்கும் சுட்டுறாதடா, பைபிள் வகுப்பு எடுக்கணும்!" அவர் மனைவி லவோன் என்னிடம் சொல்லுவாள்: "ஒனீட்டா கண்ணு, ஜாம்பி வந்தா உன் பீச் இனிப்ப ஒரு தட்டு நீட்டு. தின்னுட்டுத் திரும்பிப் போயிரும்." நானும் சிரிப்பேன். லவோனிடம் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும்.

ஒரு நாள் பாத்திரம் துலக்கும்போது வெர்லினிடம் கேட்டேன்.

"நெசமாவே செத்தவங்க எந்திரிச்சு வருவாங்கன்னு நெனக்கிறீங்களா?"

"பைத்தியமா உனக்கு? ஜாம்பின்னா செத்தவன் இல்ல ஒனீட்டா. மூணு நாளு சாப்பிடாதவன்."

"யாரு?"

"யாரா இருந்தா என்ன."

தட்டைக் கழுவி முடித்தேன். அடுத்த தட்டை எடுத்தேன்.

பரணிலிருந்து எது எத்தனை கஜம் என்ற தூரச் சீட்டை எழுதியது அதற்குப் பிந்திய வாரம். பரணில் படுத்தபடி, தூரம் காட்டும் கருவியில் கண் வைத்து அவர் எண்ணைச் சொல்லுவார். நான் அட்டையில் எழுத வேண்டும். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. என் எழுத்து அழகு என்று எட்டாம் வகுப்பு டீச்சர்கூடச் சொன்னதுண்டு. பெரிய எழுத்துகளாக எழுதுவேன். 'T' எழுத்தின் கூரை இரண்டு ஓரமும் வளைந்து நிற்கும்.

"தலைப்பு என்ன போட?"

"ஜாம்பின்னு போடு." சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன்.

"கிராப்ட்ரீ தபால்பெட்டி, நானூத்திப் பதினஞ்சு. லவோன் துணிக்கொடி, நானூத்தி முப்பது."

"துணிக்கொடி எதுக்குங்க?"

"துணி ஆடறத வெச்சுத்தான் அங்க காத்து எவ்ளோன்னு தெரியும். பக்கத்துல 'காத்து'ன்னு எழுதிக்க."

எழுதினேன். சர்ச் பெயர்ப்பலகை, அறுநூற்று ஐம்பத்தைந்து. தரைப்பாலம், தொள்ளாயிரத்துப் பத்து. நடுவில் எட்டு வீட்டின் பெயரும் இருந்தது. எனக்கு அது பள்ளியில் வரைந்த நிலப்படம் மாதிரிதான் இருந்தது. வெர்லின் அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டு, ஷூ கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

போன பிப்ரவரியில் மறுபடியும் பனிக்கட்டி மழை. அன்று காலை பத்து மணிக்கு, பரண்மேல் உறைந்த பனியைத் தட்டிவிடுகிறேன் என்று ஏறியவர் விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடினேன். இடுப்பெலும்பு முறிந்து ஒரு கால் தப்பான பக்கம் திரும்பிக் கிடந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள், தரைப்பாலத்துக்குமேல் தண்ணீர் போகிறது, அக்கரை வரைதான் வர முடியும் என்றார்கள். நான் லவோனுக்கு போன் செய்தேன். போனில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிப்பது எனக்குப் பெரும்பாடு.

"அவரு விழுந்துட்டாரு..."

"வர்றோம்," என்று வைத்துவிட்டாள்.

வெர்லின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடு முழுக்கக் கண்ணாடியாக உறைந்து கிடந்ததால் டிராக்டர் ஏறவில்லை. நடந்துதான் வந்தார்கள், ஏழு பேர். வழுக்கி விழாமல் இருக்க, கைகளை முன்னால் நீட்டி, காலை இழுத்து இழுத்து, சாய்ந்து சாய்ந்து வந்தார்கள். யாரும் கிண்டல் செய்யவில்லை. அப்படித்தான் நடக்க முடிந்தது. வெர்லின் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"வர்றாங்க," என்றார். என் கையை இறுகப் பிடித்தார். எதை நினைத்துச் சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஹாலிஸ் கொட்டகைக் கதவு ஒன்றைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, விலா எலும்பும் முறிந்திருக்கிறதா என்று பார்க்க வெர்லினின் கோட்டைத் திறந்தார். சீட்டு அவர் கையில் வந்தது. 'ஜாம்பி' என்ற தலைப்பிலிருந்து கடைசி வரிவரை படித்தார். லவோன் போர்வையைப் போர்த்தக் குனிந்தவள் அப்படியே நின்று படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் வீட்டு அலமாரியில் என் பாத்திரங்கள் இரண்டு இருந்தன. அந்த 'T' எழுத்தை அவளுக்குத் தெரியாதா?

"இது உன் எழுத்து."

ஏதாவது சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்கப் பேசாமல் இருந்தவள் அன்றைக்கு வாயைத் திறந்தேன்.

"காத்து பாக்கறதுக்கு," என்றேன்.

"என்னது?"

"துணி ஆடும்ல. அத வெச்சு... காத்து எவ்ளோன்னு..."

"என் உள்பாவாடைய வெச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. ஹாலிஸ் சீட்டை இன்னும் ஒருமுறை பார்த்தார். "நானூத்திப் பதினஞ்சா?" என்றார் மெல்ல. "முன்னூத்தம்பது இருக்கும்னுதான் நெனச்சிருந்தேன்." சீட்டைப் பழையபடி வெர்லினின் நெஞ்சுமேல் வைத்து, கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டார்.

"தூக்குங்கப்பா. பாத்து, கால் வழுக்கும்."

ஏழு பேரும் அந்தக் கதவோடு ஒரு மணி நேரம் இறங்கினார்கள். ஒருமுறைகூடக் கீழே போடவில்லை. ஹாலிஸின் டிராக்டரில் ஏற்றிப் பாலத்தைக் கடத்தி ஆம்புலன்ஸில் சேர்த்தார்கள். வழியில் என்னிடம் யாரும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று வாரம் கழித்து வந்தோம். சாப்பாடு வந்தது. இந்தச் சாலையில் அது வராமல் இருக்காது. ஆனால் எல்லாமே சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப் போடும் அலுமினியத் தகட்டுப் பாத்திரங்கள். அடியில் திருப்பிப் பார்த்தேன். டேப் இல்லை, பெயர் இல்லை. திருப்பித் தரவும் வேண்டாம், வாசலில் வந்து நிற்கவும் வேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வாரம் வந்தது, பிறகு நின்றது. அதே வாரத்தில் என் கண்ணாடிப் பாத்திரங்களும் ஒவ்வொன்றாகத் திரும்பின. இரண்டு வருடமாக யார் வீட்டில் இருக்கிறது என்று நானே மறந்துபோனதுகூட வந்தது. பளிச்சென்று கழுவி, உள்ளே எதுவும் இல்லாமல். என் அலமாரியில் இப்போது எல்லாப் பாத்திரமும் இருக்கிறது.

நாங்கள் இப்போது வெர்லின் சேர்த்துவைத்ததைத்தான் சாப்பிடுகிறோம். வாளி வாளியாக அரிசியும் பீன்ஸும் இரண்டு வருடத்துக்கு இருக்கிறது. அவருக்கு நடை வரவில்லை. முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறேன். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மூன்று துப்பாக்கிகளும் இருக்கின்றன. அவர் கேட்டுக்கொண்டபடி நான்தான் மாட்டினேன். வண்டிச் சத்தம் அவருக்குச் சரியாகக் கேட்காது. அதனால் என்னிடம் விசாரித்துக்கொண்டே இருப்பார்.

"யாராச்சும் வர்றாங்களா?"

"இல்ல."

ஏப்ரலில் பனியெல்லாம் போய்ப் புல் முளைத்தபோது, ஒரு நாள் குழாயடிக்குப் போனவள் கீழே பார்த்தேன். லவோன் துணிக்கொடியை வீட்டுக்குப் பின்னால் மாற்றிவிட்டிருந்தாள். முன்பக்கத்தில் கம்பம் பிடுங்கிய இரண்டு குழிகள் புதுமண்ணோடு தெரிந்தன.

உள்ளே வந்தேன். வெர்லின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

"ஒனீட்டா, கீழ இன்னிக்கு காத்து எப்படி?"

"தெரியல," என்றேன்.