இறங்கி வரும் தூரம்

கனடா எங்கள் வீட்டிலிருந்து ஒரு பகல் தூரத்தில் இருப்பதாகவே குடும்பம் நம்பியிருந்தது. நர்ஸ் வேலைக்குப் போன அக்கா கொச்சியில் வெள்ளிக்கிழமை விடியற்காலை விமானம் ஏறினாள். மறுநாள் போனில், "வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துட்டேம்மா" என்றாள். அவள் சொன்னது அந்த ஊர்க் கடிகாரத்தின் சாயங்காலம். அம்மா அதை எங்கள் பள்ளிவாசல் தேயிலைத் தோட்டத்துச் சாயங்காலமாகவே எடுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. ஆலயத்தின் ஞாயிறு பள்ளி அறையில் தொங்கிய உலகப் படத்தில் கனடா உச்சியில் இருந்தது, நாங்கள் அடியில். ஆயுள் முழுவதும் மலைச்சரிவில் கொழுந்தெடுத்தவளுக்கு, ஏறுவதற்கு ஒரு நேரம், இறங்குவதற்கு அதைவிடக் குறைவு என்பதில் ஐயமே இருந்ததில்லை.

அப்பா இறந்தது ஒரு மழைக்காலத்துத் திங்கட்கிழமை அதிகாலையில். அன்று மத்தியானம் விமானம் ஏறுவதாக அக்கா சொன்னாள். அதுவும் அங்கத்திய மத்தியானம். செவ்வாய்க்கிழமை பிற்பகல் அடக்கம் என்று அம்மா போதகருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். பாலக்காட்டிலிருந்து மாலையில் வந்து சேர்ந்த நான், சூரியனோடு சேர்ந்து போகும்போது மிச்சமாகும் நேரத்தை, எதிராக வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விளக்கிப் பார்த்தேன்.

"ஏறிப் போவவே ஒரு பகல்னா, எறங்கி வாரதுக்கு அதவிடக் கொறச்சல்தான ஆவும்?" என்றாள் அம்மா.

"யக்கா, அது என்ன நம்ம அடிமாலி பஸ்ஸா, எஞ்சின ஆஃப் பண்ணிட்டு உருண்டு வர?" என்றார் மாமா, அம்மாவின் தம்பி.

"நீ என்னிக்குலே பிளேன்ல போன? சும்மா கெட."

துக்க வீட்டிலும் இரண்டொருவர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. மகள் முகம் பார்த்த பிறகே பெட்டியை மூட வேண்டும் என்பது அவளுடைய ஒரே பிடிவாதம்.

செவ்வாய் காலையிலேயே குழி வெட்டிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்து வழக்கத்தில், வெட்டிய குழியை இரவு முழுவதும் வெறுமனே விடக் கூடாது. அது இன்னொருவரைக் கேட்கும் என்பார்கள். பிற்பகலில் அக்கா அழைத்தபோது வளைகுடா விமான நிலையம் ஒன்றில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தாள். மழை வலுத்தது. போதகர் அம்மாவைப் பார்த்தார், எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். மழைக்குள் மலைப்பாதையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "மூடுங்க ஐயா" என்றாள்.

அக்கா புதன்கிழமை காலையில் மலையேறி வந்தாள். அவளது பெட்டியைக்கூட இறக்கவிடாமல் அம்மா கேட்டாள்: "எறங்கி வர இம்புட்டு நேரமாட்டி?"

அக்கா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவ்வளவு தூரத்தின் களைப்பை நான் அதற்கு முன் எந்த முகத்திலும் கண்டதில்லை.

பிறகு அம்மா அந்த உலகப் படத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரே ஒருமுறை மாமாவிடம் சொல்லி வைத்தாள்: "எனக்குன்னா, பெரியவ வீட்டுப் படி ஏறின பொறவு மம்பட்டிய எடுங்கலே." அம்மாவின் முறை வந்தபோது அப்படியே செய்தோம். ஐஸ் பெட்டியில் இரண்டு இரவுகள் அம்மா காத்திருந்தாள். முதல் பிடி மண்ணை அக்காதான் போட்டாள்.

அடுத்த வாரமே அவள் திரும்பிப் போக வேண்டியிருந்தது. மாமாவும் இப்போது இல்லை. தூரத்தின் இந்த முனையில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.