ஏலக்காய்த் தேநீரில் சாம்பிராணி

கோலசிலாங்கூருக்குப் பலரும் மின்மினிப் பூச்சி பார்க்கப் போவார்கள். போன சனிக்கிழமை நான் போனது உமிச் சாம்பலுக்காக. புக்கிட் ரோத்தானில் இருக்கும் என் தோழி வாணி, ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஏலக்காய் மணத்தூள் செய்கிறாள். கோலசிலாங்கூரில் உணவகம் நடத்தும் காதர் பாய், ருசி பிடித்திருந்தால் மாதா மாதம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவளுக்கு அதுதான் முதல் வியாபாரம். துணைக்கு வரச் சொன்னாள். சாப்பாடும் உண்டு என்றதால் யோசிக்காமல் கிளம்பிவிட்டேன்.

கிள்ளானில் காலை ஏழரைக்குப் புறப்பட்டு, லோரிகளின் பின்னால் ஊர்ந்து எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். சாமி அறைக்குப் பக்கத்து அறையில்தான் வேலை. சுங்கை பஞ்சாங் நெல் ஆலையில் வாங்கிய உமியை எரித்து, அந்தச் சாம்பலிலிருந்து சிலிக்காவைப் பிரித்தெடுக்கிறாள். பார்க்க அரிசி மாவுதான். ஆனால் ஒவ்வொரு துகளிலும் கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ ஓட்டைகள். ஏலக்காய் எண்ணெய் அவற்றுக்குள் போய் ஒளிந்துகொள்ளுமாம். டப்பாவில் மாதக்கணக்கில் மணம் போகாது; சுடுதண்ணீர் பட்டால்தான் வெளியே வரும்.

அங்கிருந்து உணவகம் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். போனதும் வாணி தூள் டப்பாவைக் காதர் பாயிடம் நீட்டினாள். பாய் தானே தே ஆற்றி, ஒரு சிட்டிகை தூள் போட்டு ஒரு மிடறு குடித்தார். பிறகு இன்னொரு மிடறு.

“ஏலக்காய் வருதும்மா. கூடவே சாம்பிராணியும் வருது லா.”

நானும் குடித்துப் பார்த்தேன். சாமி அறையைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது. வாணியின் முகம் சுண்டிப்போனது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை. எண்ணெய் ஊற்றுவதற்கு முன் தூளைத் தட்டில் பரப்பி ஆறவைத்திருக்கிறாள். விளக்கேற்றி, வழக்கம்போல் வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகையும் காட்டியிருக்கிறாள். வெறும் வயிற்றோடு இருந்த தூள் அதைக் குடித்துவிட்டது.

“இந்த ஆர்டர் கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் பாய், அந்த ரூமுக்கு மட்டும் ரெண்டு சுத்து கூட காட்டினேன்.”

பாய் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் புதுத் தூள் கொண்டு வரச் சொன்னார். அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் நெரிசல். பாய் கடையில் தே இரண்டு வெள்ளி (ரிங்கிட்). இப்படிப்பட்ட மணத்தூள் வாங்கினால் கருவாட்டுப் பொட்டலத்தோடு ஒரே பையில் போடாதீர்கள்.

நானாக இருந்தால் சாமியிடம் சண்டைக்கே போயிருப்பேன். இனிமேல் அந்த அறைக்குப் புகை காட்டுவாயா என்று திரும்பும் வழியில் வாணியிடம் கேட்டேன்.

“காட்டாம? இந்தத் தடவ இன்னும் நல்லா வேண்டிக்கணும் லா. தூள டின்னுல போட்டு மூடிட்டு.”