ஆரத்தித் தட்டு எந்தக் கரையில்?

கொள்ளிடத்தின் புதுப் பாலம் மறுநாள் திறப்பதாக இருந்தது. வடகரையில் பாலம் தொடங்கும் இடத்தில் ஒரு சமுதாயக்கூடம். அதன் சுவரில் மேகலா படத்தை முடித்திருந்தாள். பள்ளிக்கூடச் சுவர்களில் யானையும் வாய்ப்பாடும் வரைந்து பிழைப்பவள். அரியலூர்ப் பக்கம் அவள் தூரிகை படாத அங்கன்வாடி குறைவு.

விழாக் குழு கேட்டது வேறு மாதிரிப் படம். அந்தக் காலத்துப் பத்திரிகை அட்டைகளில், பாலம் கட்டினால் இரண்டு கரைகளையும் இரண்டு பெண்களாக்கி, ஆற்றை நடுவில் அம்மனாக உட்கார வைத்து, பாலத்தை மாலையாகப் போடுவார்கள். அப்படி வேண்டும் என்றார்கள். வரைந்தாள். தென்கரைப் பெண் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவளுக்கு வைத்தது தன் மாமியார் ஜெகதாம்பாளின் முகம்.

முகத்தை யாரும் கவனிக்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார்கள்.

பக்கத்துத் திருமழபாடியில் பங்குனிதோறும் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளை தென்கரையிலிருந்து ஆற்றைத் தாண்டி வருவார். வடகரைதான் பெண் வீடு.

"ஏம்மா, மாப்பிள்ளை நம்ம கரைக்கில்ல வராரு? தட்டை அவங்க கையில குடுத்துட்டியே" என்றார் குழுத் தலைவர் இளையபெருமாள். "நாளைக்கு அக்கரைக்காரன் சிரிப்பான்."

"சிரிக்கிறது இருக்கட்டும், இதப் பாத்தா நந்தியே பாதியில திரும்பிடுவாரு" என்றார் பக்கத்தில் நின்ற மாயவன்.

மாற்றாவிட்டால் வெள்ளையடித்து மறைத்துவிடுவது என்று முடிவானது.

இந்தக் கரையில் பிறந்த மேகலாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அவள் தென்கரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவளுக்கு ஆரத்தி எடுத்தது அந்தக் கரையில், எடுத்தவள் ஜெகதாம்பாள். கை அதையே வரைந்துவிட்டது. கணவன் இறந்தபின் அவள் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குக் கிளம்பியபோது, மாமியார் வாசலுக்குக்கூட வரவில்லை. அதன்பின் பேச்சில்லை. விழாவுக்கு வருகிற யாராவது சுவரில் இருப்பது யாரென்று கண்டுபிடித்துப் போய்ச் சொல்வார்கள், மாமியார் கூப்பிடுவாள் என்று மேகலா நம்பியிருந்தாள்.

சாயத்தைக் குழைத்துத் தட்டை அழித்தாள். தென்கரைப் பெண் இப்போது வெறுங்கையோடு நின்றாள். நடந்து வரத் தயாராக இருப்பவள் போலத்தான் தெரிந்தது. தட்டை இக்கரைப் பெண்ணின் கையில் வரைந்துவிட்டு, நாலடி பின்னால் போய்ப் பார்த்தாள். அழைக்க வேண்டியவள் இந்தப் பக்கம்தான் இருந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பியதும் அவள்தான். அழைப்பு மட்டும் அங்கிருந்து வரட்டும் என்று இத்தனை நாள் உட்கார்ந்திருந்தாள்.

சாயக் கையோடு போனை எடுத்தாள்.

"அத்தை, மேகலா பேசுறேன். நாளைக்குப் பாலம் திறக்குறாங்க. வூட்டுக்கு வாங்க."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. பஸ் விடுவார்களா என்று ஜெகதாம்பாள் கேட்டாள். முதல் நாள் விடமாட்டார்கள் என்றாள் மேகலா.

"பாதி வரைக்கும் நடந்துடுவேன். அதுக்கு மேல முட்டி தாங்காது. நீ வண்டிய எடுத்துக்கிட்டு எதுர்ல வா."