மக்பூல் பாய் வாங்கிவந்த பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காடு ஏரிக்கரையில் மக்பூல் பாயைத் தெரியாதவர்கள் இல்லை. தோணிரேவிலிருந்து பசியாவரம் வரை யார் வீட்டு ரேடியோவுக்குத் தொண்டை கட்டினாலும் கடைத்தெருவில் இருந்த அவருடைய சின்னக் கடைக்குத்தான் வரும். கை வேலை செய்ய, வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்கும். ஒரே மகள் கரீமாவை ஏரி கொண்டுபோனதிலிருந்து அந்த வாய் ஓய்ந்துவிட்டது.

கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பிய தோணி, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வாடைக் காற்றில் கவிழ்ந்தது. மற்றவர்கள் எல்லோரும் கரை சேர்ந்தார்கள். கரீமா மட்டும் வரவில்லை. பசியாவரத்துப் பொன்னுரங்கம் தன் ஆட்களோடு வலை போட்டு ஏரியையே அரித்துப் பார்த்தான். அவளுடைய முக்காட்டுத் துணிகூட அகப்படவில்லை.

உடல் கிடைக்காதவர்களுக்காகத் தொழும் தொழுகை ஒன்று உண்டு. காயிப் ஜனாஸா என்பார்கள். பள்ளிவாசல் இமாம் ஜலீல் ஆலிம் அதைப் பற்றிப் பேச வந்தபோது, மக்பூலின் மனைவி மரியம் பீவி கதவுக்குப் பின்னால் நின்று ஒரே பதிலைச் சொன்னாள்.

"உடம்பைக் கண்ணால பார்க்காம எம் புள்ளைய மவுத்துன்னு சொல்லாதீங்க. மீறித் தொழுதீங்கன்னா, நானும் அவ போன வழியிலயே போயிடுவேன்."

பெற்றவள் மனம் ஒப்பட்டும் என்று ஆலிம் எழுந்துபோனார். மக்பூலும் தலையாட்டினார். மகளை வழியனுப்பவும் முடியாமல், வரவேற்கவும் முடியாமல் அந்த வீடு நடுவிலேயே நின்றுபோனது. மரியம் அடுப்பை மறந்தாள், தூக்கத்தை மறந்தாள். சுவர்க்கோழி கத்தினால்கூடத் திடுக்கிடும் அளவுக்கு வீட்டில் அமைதி.

அந்த அமைதிக்குப் பயந்துதான் மக்பூல் அந்தப் பெட்டியை வாங்கினார். உதிரிச் சாமான் வாங்க மெட்ராஸ் போனவர், மூர் மார்க்கெட்டில் பழைய கிராமபோன்களுக்கு நடுவே அதைப் பார்த்தார். சீமையிலிருந்து வந்த வால்வு ஆம்ப்ளிஃபயர். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாடும் ஸ்டீரியோ. ஜோடி ஸ்பீக்கர்களும் கூடவே இருந்தன. யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டதற்கு, கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டியைக் கோரைப்பாயில் சுற்றி, பொன்னேரி வரை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அனுப்பம்பட்டு தாண்டும்போது எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே, குழந்தையா பாய் என்று கேட்டார். மக்பூல் பெட்டியை மார்போடு இன்னும் இழுத்துக்கொண்டார்.

வீட்டு முன்னறையில் வைத்துத் திறந்தால், உள்ளே தகடெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஏதோ வீட்டுக்குள் இருந்த பெட்டியில் இவ்வளவு உப்பு எப்படி வந்தது என்று அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு வேலையில் இறங்கிவிட்டார். வால்வுக் கால்களைப் பிளேடால் சுரண்டினார். தேய்ந்த ஒயர்களை மாற்றினார். கிழிந்த ஸ்பீக்கர் காகிதத்துக்கு மெல்லிய துணி ஒட்டினார். கடைசியில் வால்வுகள் செந்தணலாய்ப் பூத்தன. பாட்டு எதுவும் போடாமலே இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஓர் உறுமல் எழுந்தது. இரைச்சலை வடிகட்டும் கண்டென்சர்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று மக்பூலுக்குத் தெரியும். அந்த அளவுக்குப் புதியது அப்போது கையில் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பொன்னுரங்கம் தன் டிரான்சிஸ்டரோடு வாசலில் வந்து நின்றான்.

"இன்னா பாய், ஏரிய வூட்டுக்குள்ள புடிச்சாந்து வச்சிகினியா? கத்தாளை மீனுக்குப் போறப்ப துடுப்பத் தண்ணிக்குள்ள வுட்டு, இந்தாண்ட மொனைய காதுல வச்சிக்கினு கேப்போமே, அதே சத்தம். அடியில உயிரு இருந்தா இப்டித்தான் கேக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டதும் அவன் சிரிப்பு நின்றது.

அன்று முதல் மரியம் பீவி அந்தப் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்தாள். பட்டப்பகலில், வெயில் தகிக்க ஏரி அசையாமல் கண்ணாடியாகக் கிடக்கும் நேரத்தில், கன்னத்தை ஸ்பீக்கர் துணியில் அழுத்திக்கொள்வாள். துடுப்பு மீனவனுக்குச் சொல்வதை இந்தப் பெட்டி அவளுக்குச் சொல்லும் என்று நம்பினாள். அது கண்டென்சர் கோளாறு என்று மக்பூல் எத்தனையோ விதமாக விளக்கினார். அவள் முகம் மாறவில்லை.

"எம் புள்ள கூப்பிடறா. அவ இன்னா சொல்றான்னுதான் புரியல. இந்த இரைச்சல் மறைக்குது. எடுத்துடுங்களேன்."

ஒருநாள் கடையிலிருந்து வந்தவர், வீடு திறந்து கிடக்க, ஸ்பீக்கர்கள் தனியாக உறுமிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஓடினார். படகுத்துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள் மரியம். இழுத்துக் கரையேற்றியபோது, "பக்கத்துல போனா புரியும்னு பார்த்தேன்" என்றாள், குழந்தையைப் போல.

இனித் தள்ளிப்போட முடியாது. உறுமலை எடுத்துவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு தொழுகைக்கு ஒப்புவாளா, மறுபடி தண்ணீருக்குப் போவாளா? இரண்டையும் நினைத்துக்கொண்டே மெட்ராஸ் போய்ப் புதிய கண்டென்சர்களை வாங்கிவந்தார்.

வெள்ளிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தபோது ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. கரி அடுப்பில் சால்டரிங் இரும்பைக் காயவைத்து ஈயப் பற்று வைத்தார். பழையவை அழுகிய பழம்போல் கழன்று வந்தன. புதியவை உட்கார்ந்தன. சோதித்துப் பார்க்கக் கரண்ட் வரவில்லை. ஜும்ஆத் தொழுகை நேரம் நெருங்கியதால், கிணற்றடிக்குப் போய்க் கை கால் முகம் கழுவி ஒலு செய்துவிட்டுத் திரும்பினார்.

மரியம் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது ஸ்பீக்கரில் கன்னம். மூடிய கண்களிலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வால்வுகள் கறுத்துக் குளிர்ந்து கிடந்தன. தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கில்லை, காற்றாடி சுற்றவில்லை.

"மரியம், கரண்ட் இல்லம்மா" என்றார் மெல்ல.

"சும்மா இருங்க. இப்பத்தான் தெளிவா கேக்குது."

அவருடைய கைமயிர் சிலிர்த்து நின்றது. காக்கைகூடக் கரையாத அந்த உச்சிப் பொழுதில், யாரோ பேசப் பேச ஒருவர் கேட்பதுபோல, அவள் விட்டு விட்டுத் தலையசைத்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"ரொம்பக் குளிருதாம். நான் விடாம புடிச்சிக்கிட்டிருக்கறதால அங்கயே நிக்கறாளாம். தொழ வச்சி அனுப்பிடச் சொல்றா. வாப்பாகிட்ட சொல்லுன்னா."

மக்பூல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கால்கள் எப்படிப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோயின என்று அவருக்கே தெரியாது. ஆலிமிடம் சொன்னார். ஜும்ஆ முடிந்ததும் சனம் கலையாமல் வரிசை கட்டியது. முன்னால் சந்தூக்குப் பெட்டி இல்லை, கஃபன் துணி இல்லை, வெறும் தரை. ஆலிம் தக்பீர் சொல்லும்போது அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் மக்பூல். அங்கே தரை ஈரமாக இருந்தது. ஒலு செய்த காலோடு யாராவது நடந்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபோது இறால் குழம்பு வாசம் தெருவரை வந்தது. மரியம் தலைவாரி, வேறு சேலை உடுத்தி, அடுப்படியில் நின்றிருந்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு கணவன் முகத்தை நேராகப் பார்த்து, கை கழுவிட்டு வாங்க என்றாள்.

அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. முன்னறையில் வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. உறுமல் இல்லை. ஒரு கீறல் சத்தம்கூட இல்லை. அவ்வளவு சுத்தமாக எந்தப் பெட்டியையும் மக்பூல் வாழ்நாளில் பழுது பார்த்ததில்லை.

அவர் சத்தம் கூட்டும் குமிழைக் கடைசி வரை திருகினார். பிறகு மண்டியிட்டு, வலது ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தார்.

"சோறு ஆறுதுங்க" என்று அடுப்படியிலிருந்து மரியம் குரல் கொடுத்தாள்.

பேசாதே என்று அவர் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.