பட்டுக்கடை மெத்தையில் ஒரு சோமாஸ் போன்

பட்டுப்புடவை விற்கிறவனுக்குப் புடவை வாங்குகிறவர்கள் எதிரி இல்லை. கூட வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் எதிரி.

எந்தக் கடையிலாவது மெத்தையில் காலை மடக்கி உட்கார்ந்து துணி விரித்துக் காட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் ஒன்பது வருடம் விற்பனையாளனாக இருந்தேன். முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தால் பெண்கள் நான்கு மணி நேரம் உட்கார்வார்கள். அவர்களுக்கு அலுக்காது. இரண்டாவது மணி நேரத்தில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ வாட்சைப் பார்ப்பார். "போதும், எதையாவது எடுத்துக்கினு கிளம்புங்க" என்பார். அத்தோடு முடிந்தது. இரண்டாயிரத்து நான்கில் அந்த மாமாக்களை அடக்குகிற பொருள் ஒன்று என் கைக்கு வந்தது. நான் அதைக் கேட்டது வேறு காரணத்துக்காக.

மணி அடித்தால் போதும்

என் மனைவி சாந்திக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டாவது முறை அவள் வாலாஜாபாத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். மாமனார் காலை பதினோரு மணிக்குக் கடைக்குப் போன் செய்திருக்கிறார். போன் முதலாளியின் மேஜையில் இருந்தது. என் எதிரில் ஒரு பெரிய பார்ட்டி. நடுவில் என்னை எழுப்பினால் பார்ட்டி கலைந்துவிடும். மூன்று மணிக்கு அவர்கள் பைகளோடு படியிறங்கிய பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. எழுந்து நின்றுதான் சொன்னார். ஆனால் அந்த நான்கு மணி நேரமும் நான் சிரித்துச் சிரித்துப் புடவை காட்டியிருக்கிறேன்.

மூன்றாவது முறை ஆறாம் மாதத்திலேயே ரத்த அழுத்தம் ஏறியது. படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, சாந்தி மறுபடியும் வாலாஜாபாத் போனாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள் தம்பி செல்வத்திடம் சாதாரண செல்போன் ஒன்று கேட்டேன். மணி அடித்தால் போதும் என்றேன். பார்சலைப் பிரித்தால் உள்ளங்கையை விட அகலமாக, அரை வட்டமாக ஒன்று இருந்தது. நடுவில் கலர் திரை. இரண்டு பக்கமும் கட்டைவிரலுக்குப் பொத்தான்கள். தனியாக இரண்டு விளையாட்டு கார்டுகள். விளையாடுவதற்கென்றே செய்த போனாம். ஏன்டா இது என்று கேட்டதற்குச் செல்வம் சொன்னான்: "மாமா, காத்துக்கினு இருக்கறவங்களுக்கு வெறும் போன் குடுத்தா பைத்தியம் புடிச்சிடும்."

காதில் வைக்கும் விதம்

அதைச் செய்தவன் பேசுவதைப் பற்றிக் கடைசியில்தான் யோசித்திருக்க வேண்டும். எல்லா போனையும் போலக் கன்னத்தோடு ஒட்டி வைத்தால் ஒன்றும் கேட்காது. ஒலி வருகிற துளை மேல் விளிம்பில் இருந்தது. போனின் விளிம்பு காதில் பட, திரை வானத்தைப் பார்க்க, ஒரு தட்டைச் செங்குத்தாகக் காதில் செருகியது போலப் பிடிக்க வேண்டும்.

கடைக்குள் செல்போன் கூடாது என்பது முதலாளியின் சட்டம். அதனால் சாப்பாட்டு இடைவேளையில் வாசல் படியில் நின்று வாலாஜாபாத்துக்குப் பேசுவேன். எதிரே பூக்கடையில் நிற்பவர்கள் கட்டிய பூவை விட்டுவிட்டு என்னையே பார்ப்பார்கள். எங்கள் கடையில் மூத்த விற்பனையாளர் கோவிந்தண்ணன். இருபத்தைந்து வருடம் மெத்தையில் உட்கார்ந்தவர். எதைப் பார்த்தும் அசராதவர். அவரே முதல் நாள் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இன்னாபா, சோமாச காதுல வச்சிக்கினு பேசற?"

திருவண்ணாமலை மாமா

போனைத் தொடைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்த நாட்கள் அவை. ஒரு நாள் திருவண்ணாமலைப் பார்ட்டி. பெண்ணின் தாய்மாமன் அரிசி மில் வைத்திருப்பவர். உட்கார்ந்த இருபதாவது நிமிடத்தில் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். நான் மேல் தட்டிலிருந்து ஒரு மயில்கழுத்து நிறப் புடவையை எடுக்க எம்பியபோது போன் நழுவி மெத்தைமேல் வெளியே வந்துவிட்டது. அவர் எடுத்தார். திருப்பினார். ஏதோ ஒரு பொத்தான் அமுங்கி, கார் பந்தயம் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் என்னவென்று சொல்ல. அந்த மனிதர் உட்கார்ந்தார். முதுகு வளைந்தது. வாய் லேசாகத் திறந்தது. ரோடு வளையும் பக்கமெல்லாம் அவர் தோளும் வளைந்தது. ஏகாம்பரநாதர் சன்னதியில்கூட ஒருவர் அப்படித் தன்னை மறந்து நின்று நான் பார்த்ததில்லை. அவர் அக்கா மூன்று முறை கூப்பிட்டார். காதில் விழவில்லை. பெண்கள் அவசரமில்லாமல் முந்தியை விரித்துப் பார்த்தார்கள், வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள், சமாதானமானார்கள். இரண்டே முக்கால் மணி நேரம். கடைசியில் கிளம்பலாம் என்று சொன்னது அவர்கள். அவர்தான் நிமிர்ந்து, "அதுக்குள்ள எடுத்துட்டீங்களா?" என்றார்.

முதலாளி மேஜையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு விழப்போகிறது என்று நின்றேன். போனை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "வீட்லருந்து வந்தா எடுத்துப் பேசிக்கோ. மத்த நேரம் இது மெத்த மேலயே இருக்கட்டும்."

மூன்று உயிர்

இன்னொரு கார்டில் ஒரு குரங்கு பள்ளம் பள்ளமாகத் தாண்டிக்கொண்டே போகும். விழுந்தால் ஓர் உயிர் போகும். மொத்தம் மூன்று உயிர்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓர் ஆசிரியர் குடும்பம் வந்திருந்தது. அவர் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுப்பவர். இளைய பெண்ணுக்கு நிச்சயதார்த்தப் புடவை. போனைத் தொடமாட்டேன் என்று மடியில் கையைக் கட்டிக்கொண்டார். அவர் மூத்த மாப்பிள்ளை விளையாட, இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலாகப் பார்த்தார். முதல் உயிர் போனது. "இப்போ என்ன ஆகும்?" என்றார். இன்னும் இரண்டு இருக்கிறது என்றார் மாப்பிள்ளை. அடுத்ததும் போனது. மூன்றாவதில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. ஏனோ நானும் புடவையை விரித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பாதிப் பள்ளத்தில் குரங்கு விழுந்தது. ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்து, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "மூணு உயிர் குடுத்திருக்கான். ஒண்ணையாவது பாத்து வச்சுக்கப்படாதோ?"

பன்னிரண்டு புடவைக்கு அடியில்

அந்த போனில் இன்னொரு அதிசயம், கார்டை மாற்ற வேண்டுமென்றால் பாட்டரியைக் கழற்ற வேண்டும். கார்டு பாட்டரிக்கு அடியில் இருந்தது. ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு போனையே கொன்று மறுபடி எழுப்ப வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை. மாப்பிள்ளையே கூட வந்திருந்த பார்ட்டி. கார் அலுத்துப்போய் அவர் மூடியைத் திறந்து பாட்டரியைக் கழற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்து கல்யாணப் பெண் ஒரு நிறத்தைக் காட்ட அவரைக் கூப்பிட்டாள். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? போனையும் மூடியையும் பாட்டரியையும் தனித்தனியாக மெத்தையில் வைத்துவிட்டுப் போனார். அதன்மேல் நான்தான் புடவை விரித்தேன். ஒன்றின்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு. ஒரு மணி நேரம் கழித்து, மணியே அடிக்கவில்லையே என்று தோன்றியபோது மெத்தையைப் பார்த்தேன், போன் இல்லை. விற்பனையாளர்கள் எல்லோருமாகப் புடவைகளை உதறினோம். பாட்டரி கோவிந்தண்ணன் கையில் கிடைத்தது. போட்டுப் பேசினால், மாமனார் நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார். பிரஷர் ஏறி, டாக்டர் வந்து ஊசி போட்டு, இப்போது தூங்குகிறாள்.

நான் உதறிய புடவைகளை மடிக்க ஆரம்பித்தேன். என் முகமே சொல்லியிருக்கும் போல. மாப்பிள்ளை கோவிந்தண்ணனிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கார் கார்டை உள்ளே வைத்து மூடினார். பார்சல் கட்டும் இடத்திலிருந்து பிளாஸ்டிக் டேப்பை வாங்கி வந்து, போனின் முதுகைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். ஒட்டிவிட்டு நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இனிமே எந்த மாப்பிள்ளையாலயும் இதத் தொறக்க முடியாதுங்க."

ஏழு மரம்

அதனால் அப்புறம் கார் மட்டும்தான். மொத்தம் பன்னிரண்டு பந்தயம். ஐந்தாவதைத் தாண்டி யாரும் போனதில்லை. திடீரென்று ரோடு வளையும், கார் மரத்தில் மோதும். நானும் சாப்பாட்டு நேரத்தில் முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

பிள்ளையார்பாளையத்திலிருந்து நெசவாளர் முனுசாமி தான் நெய்த புடவைகளைக் கொண்டுவந்து, முதலாளி பிரித்துப் பார்ப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு சித்தப்பா விளையாடுவதை அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். காரைப் பார்க்கவில்லை. ரோட்டோரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து என்னிடம், "ஏழு மரத்துக்கு ஒரு தடவ திரும்பி வருதுபா. நாலாவது மரம் கொஞ்சம் குள்ளம். அது வந்துதுன்னா அடுத்தது எடது பக்கம் வளைவு" என்றார். நான் பார்த்தேன். ஒரே மரங்கள். அதே ஏழு மரங்களைத்தான் விளையாட்டைச் செய்தவன் திரும்பத் திரும்ப வைத்து ஒரு நாட்டையே ஓட்டிக்கொண்டிருந்தான். பார்டரில் அன்னம், சக்கரம், அன்னம், சக்கரம் என்று வருமே, அது போல. அத்தனை மாமாக்களும் நானும் மூன்று மாதமாகப் பார்த்தும் அது எங்கள் கண்ணில் படவில்லை. பிரமாதமாக ஏமாற்றியிருக்கிறான் என்றேன். முனுசாமி மறுத்தார். "ஏமாத்தலபா. ரிப்பீட் கண்ணுல படக்கூடாதுன்னுதான் இவ்ளோ வேகமா ஓட்டறான். நல்ல கைபா."

அரக்கு

குள்ள மரத்தைப் பார்க்கச் சொல்லி அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். பந்தயங்கள் கூடின. எட்டு, ஒன்பது, பத்து. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று அரக்கோணத்திலிருந்து ஒரு பார்ட்டி. கூட வந்த பெரியப்பா ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குள்ள மரத்தைப் பற்றி ஒரு முறை சொன்னேன், தலையை ஆட்டினார். பதினோராவது பந்தயம் முடிந்ததும் பக்கத்து மெத்தைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டாவது தொடங்கியது. முதன்முதலாக. நான் ஓர் அரக்குப் புடவையை இடுப்பில் கொசுவி, முந்தியைத் தோளில் போட்டு, பெண்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் தொழிலில் ஆண்கள் தினமும் இருபது புடவை கட்டுவோம்.

மணி அடித்தது. காலை பதினோரு மணி. "சார், அது எனக்கு" என்றேன். காலைச் சுற்றிப் புடவை. எதிரே விரித்த பட்டுகள், மிதிக்க முடியாது. அவர் பச்சைப் பொத்தானை அமுக்கி, எல்லோரையும் போலக் கன்னத்தில் ஒட்டி வைத்தார். "அலோ. அலோ. யாரும் பேசலியே." கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. "சைடுல சார்! சோமாஸ் மாதிரி!" என்று கோவிந்தண்ணன் கத்தினார். ஆறு விற்பனையாளர்களும் வெறுங்கையைச் செங்குத்தாகக் காதில் வைத்து அவருக்குக் காட்டினோம். மேஜைக்குப் பின்னால் முதலாளி எழுந்து நின்றிருந்தார். அவர் கையும் அப்படியே காதில் இருந்தது.

பெரியப்பா போனைத் திருப்பினார். கேட்டது போலும். மாமனார், நான்தான் எடுத்திருக்கிறேன் என்று நினைத்து, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். இவர் "ம்" என்றார். அப்புறம் இன்னொரு "ம்". சிக்னலுக்குக் காத்திருந்து பழகிய முகம். அதில் ஒன்றும் தெரியவில்லை. கடையில் ஒரு புடவைகூட சரசரக்கவில்லை. பிறகு அவர் எழுந்தார். செருப்பில்லாத காலால் புடவைகளுக்கு இடையில் பார்த்துப் பார்த்து அடி வைத்து என்னிடம் வந்தார். போனை விளிம்பு மாறாமல் அப்படியே என் காதில் பொருத்தினார். "பொம்பளப் புள்ளயாம். ரெண்டு பேரும் சுகமா இருக்காங்களாம். அழுவுறது கேக்குது, கேளு."

பன்னிரண்டாவது பந்தயத்தை யாரும் முடிக்கவில்லை, ஆனால் நான் அந்த அரக்குப் புடவையோடேயே வாலாஜாபாத் பஸ் ஏறிவிட்டேன் என்று கோவிந்தண்ணன் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது பொய், ஏனென்றால் நல்ல சகுனம் என்று சொல்லி, நான் அதைக் கழற்றுவதற்குள் அவரே அரக்கோணம் பார்ட்டிக்கு விற்றுவிட்டார்.