பதினொன்றரை மணி விமானம்

பலாலியில் இறங்கும் விமானம் மயிலிட்டியில் எங்கள் கிணற்றடிக்கு மேலால்தான் போகும். வீட்டில் நின்றால் வெளியே ஓடிவந்து பார்த்து, நேரத்தைக் கலண்டர்த் தாளில் குறித்துக்கொள்வேன். விமான நிலையத்தில் கேட்டால் சொல்லியிருப்பார்கள். தெரியாதவர்களிடம் கேள்வி கேட்பதென்றால் எனக்கு வாய் வராது.

அந்த நேரங்கள் கணினிக்குத் தேவைப்பட்டன. என்னிடம் ஒரு பழைய விமான விளையாட்டு இருக்கிறது. மற்றவர்கள் அதில் விமானம் ஓட்டுவார்கள். எனக்கோ கணினி தானாக ஓட்டுகிற விமானங்களில்தான் ஆசை. எந்த விமானம் எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பி எங்கே இறங்கவேண்டும் என்று ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிக்கொடுத்தால், அது சொன்னபடி வரும். நேரத்தை மட்டும் உலகப் பொது நேரமான கிறீனிச் நேரத்தில் எழுதவேண்டும். எங்கள் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழித்தால் சரி.

என்னோடு இருப்பவர் அக்கா. சென்னையில் இருக்கும் அவருடைய மகளுக்கு அடுத்த கிழமை பிரசவம். துணைக்கு வேறு ஆளில்லை. ரிக்கற்றும் எடுத்தாயிற்று. ஆனால் அக்கா ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. போகமாட்டேன் என்று இரண்டு நாளாக ஒரே பிடி.

"உன்ரை பெட்டியிலை அந்தப் பிளேன் ஒழுங்கா இறங்கி எழும்புறதைக் காட்டு. பிறகு யோசிக்கிறன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டின் மணிக்கூட்டைப் பதினொன்று இருபதுக்கு வைத்து அவரைப் பக்கத்தில் இருத்தினேன். சென்னை விமானம் பதினொன்றரைக்கு வரவேண்டும். பதினொன்றரை ஆயிற்று. பதினொன்று நாற்பதும் ஆயிற்று. ஓடுபாதையில் ஒரு காகம்கூட இல்லை.

"எங்கையடா பிளேன்?"

"வரும், அக்கா."

"கடலுக்கை விழுந்திட்டுதோ?"

"இல்லை, அக்கா. ஏதோ எழுத்துப் பிழை."

"எழுத்துப் பிழைக்கே பிளேன் இல்லாமல் போகுதெண்டால் நான் எப்படி ஏறுறது? ரிக்கற்றைத் திருப்பிக் குடு." அவர் எழும்பி மீன் வெட்டப் போய்விட்டார்.

அக்கா போகாமல் விடுவாரோ என்ற பயத்தைவிட, விமானம் எங்கே போனது என்ற யோசனைதான் பெரிதாக இருந்தது. தரிப்பிடம் சிறிதாக இருந்தால் இறங்கிய விமானம் மறைந்துபோகும். ஆகவே தரிப்பிடத்தின் அளவைக் கோப்பில் பார்த்தேன், போதுமானதாக இருந்தது. விமானம் வரும் நாள் சரி. விமான நிலையத்தின் குறியீடும் சரி. விளையாட்டை நிறுத்தாமலே போய்க் குளித்தேன். வந்து பார்த்தால், இரண்டு விசிறி வைத்த வெள்ளை விமானம் தரிப்பிடத்தில் சாதுவாக நிற்கிறது. விளையாட்டின் மணிக்கூட்டில் பன்னிரண்டு ஐந்து. அப்படியென்றால் பன்னிரண்டுக்கு இறங்கியிருக்கும்.

குசினிக்கு ஓடினேன். "அக்கா, வந்திட்டுது! ஆனா அரை மணித்தியாலம் பிந்தி."

"சரியா அரையோ?"

"ஓம்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "உந்தப் பெட்டி புது நேரத்திலை நிக்குதடா."

தொண்ணூறுகளில் நாட்டின் மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். பிறகு அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் பல வருடம் அப்படியே கிடந்தது. கோயிலில் பழைய நேரம், அரசாங்கக் கந்தோரில் புது நேரம். கலியாணத்துக்குச் சொல்ல வருபவரிடம் முதலில் கேட்பதே "பழைய நேரமோ புது நேரமோ?" என்றுதான். பிறகு நாடு பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. என் விளையாட்டு அந்த இடைக்காலத்தில் செய்தது. அதன் கணக்கில் எங்களுக்கும் கிறீனிச்சுக்கும் ஆறு மணித்தியாலம். அதற்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. விமானம் சரியாகத்தான் வந்தது, மணிக்கூடுதான் முந்தி ஓடியது.

கோப்பில் அந்த விமானத்தின் நேரங்களில் இன்னும் அரை மணித்தியாலம் குறைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவை மறுபடி இருத்தினேன். விளையாட்டில் பதினொன்றரை ஆகப்போகையில் கடல் பக்கம் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. அது பெரிதாகி, சக்கரத்தை நீட்டி, மெல்ல இறங்கியது. அக்கா என் கையைப் பிடித்திருந்தார். அது திரும்பக் கிளம்பியபோதும் விடவில்லை.

"பின்னாலை போ. சென்னை போய்ச் சேருமட்டும் பாப்பம்."

ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக அதன் வாலைப் பார்த்துக்கொண்டு இருவரும் இருந்தோம். சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டதும் அவர் எழும்பினார். "சரி. அந்த நீலப் பெட்டியை இறக்கித் தா."

புதன்கிழமை விமானம் கிளம்பியபோது கிணற்றடியில் நின்று பார்த்தேன். அன்று பின்னேரம் சென்னையிலிருந்து அக்காவின் அழைப்பு வந்தது.

"தம்பி, உன்ரை பிளேனிலை ஒரு பிழை இருக்கு."

"என்ன பிழை, அக்கா?"

"அது ஆடேல்லை. இது நல்லா ஆடினது. முன்னமே காட்டியிருந்தியெண்டால் நான் வந்திருக்கவே மாட்டன்." பிறகு சிரித்தார். பின்னால் மகளும் சிரிப்பது கேட்டது.

அவர் சொன்னது உண்மை. கணினி ஓட்டும் விமானங்கள் நூலில் இழுத்ததுபோலப் போகின்றன. காற்று அவற்றை ஏன் அசைப்பதில்லை, அதை எந்தக் கோப்பில் எழுதியிருக்கிறார்கள் என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.