காலிக் கூடு எங்கே?

ஹார்லன் ஸ்கோகன் பால் டப்பாவை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் அவரே வாங்கி வந்த பால்தான். "தேதியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கான். அதான் இடிக்குது" என்று கீழே வைக்கிறார். வருஷக்கணக்காக இவரோடு வேட்டைக்குப் போகிறேன். இன்றும் என் வண்டியில் ஏறுமுன் டயரை உதைத்துப் பார்ப்பார். எரிச்சல் எரிச்சலாக வரும்.

மொன்டானாவில் எங்கள் பக்கம் பலபேர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பத்திரப்படுத்தி, வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே கட்டிக்கொள்வார்கள். ஹார்லனும் கட்டுவார். ஆனால் ஒரு துப்பாக்கிக்குக் கட்டியதைத் தன்னுடைய இன்னொன்றில்கூடப் போட மாட்டார். "அளவு ஒண்ணுன்னு பேருதான். ஒவ்வொண்ணுக்கும் தொண்டை வேற." குழலுக்குள் குண்டு நுழையும் இடத்தைத்தான் அப்படிச் சொல்வார்.

நேற்று மத்தியானம் நான் ஹார்லன் வீட்டில் இருந்தபோது, அவர் மனைவி டோரீனின் அண்ணன் லைல் புதுத் துப்பாக்கியோடு வந்தார். பழையதை விற்றாகிவிட்டது. அதற்குக் கட்டிய தோட்டாக்கள் மட்டும் ஒரு பெட்டி நிறைய மிச்சம்.

"மாப்ளே, அதே அளவுதான். நாளைக்கு எல்க் மானுக்கு இதையே போட்டுத் தீர்த்துடறேன்."

ஹார்லன் பெட்டியைத் திறந்தார். ஒரு தோட்டாவைப் பிரித்தார். மருந்தைக் கொட்டி, வெடிக்காத பொம்மையாக்கி, குண்டைப் பழைய நீளத்துக்கே செருகி, மேலே கறுப்பு மை பூசினார். புதுத் துப்பாக்கிக்குள் தள்ளி மூடினால், மூடும் கைப்பிடி முரண்டு பிடித்தது. வெளியே எடுத்தபோது மையில் சுற்றிலும் கீறல்.

"பாத்துக்க மச்சான். குண்டு குழலுக்குள்ள வெட்டியிருக்கிற வரியில போய் முட்டுது. உன் பழசுக்குத் தொண்டை நீளம், அதுக்குத் தக்கன மருந்தையும் அடைச்சு வச்சிருக்கே. இதுல சுட்டா அழுத்தம் எகிறும். வெடிச்சா உன் மூஞ்சியிலதான். எல்லாத்தையும் பிரிச்சு, மருந்தைக் குறைச்சு, முதல்லேருந்து கட்டணும்."

"சரியான சந்தேகப் பிராணி! எந்தங்கச்சி உன்னோட எப்படித்தான் குடித்தனம் பண்றாளோ!"

"பண்றேன்ல?" அடுக்களையிலிருந்து டோரீன் கத்தினாள். "அண்ணே, கண்ணு போனா வராது. அவர் சொல்றதைக் கேளு!"

முணுமுணுத்துக்கொண்டே லைல் பெட்டியை நகர்த்தினார். ஹார்லன் தன்னிடமிருந்த கடைத் தோட்டாக்களைக் கொடுத்தார். விஷயம் முடிந்தது என்று நான் டோரீன் சுட்டு வைத்திருந்த 'ஆப்பிள் பை' பலகாரத்தில் கை வைத்தேன்.

ஹார்லன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரித்தது ஒன்று. பெட்டியில் தோட்டா நிற்கும் குழிகளில் காலி இரண்டு.

"இன்னொண்ணு?"

"பழைய துப்பாக்கியிலேயே சுட்டுட்டேன்."

"காலிக் கூடு எங்கே?"

"அது... தூக்கிப் போட்டுட்டேன்."

என் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றது. தோட்டா கட்டுகிறவன் எவனும் கூட்டைத் தூக்கிப் போட மாட்டான். அதுவும் லைல்! ஒரு கூட்டுக்காகப் பனியில் முட்டி போட்டுத் துழாவுகிற ஆள்.

ஹார்லன் உள்ளங்கையை நீட்டினார். லைல் சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. காபி ஆறியது. கை அங்கேயே இருந்தது.

"ராசியான தோட்டாய்யா. ஒண்ணே ஒண்ணு..." என்று லைல் கோட்டின் உள்பையிலிருந்து அதை எடுத்து வைத்தார்.

ஹார்லன் அதைக் குழியில் பொருத்திப் பெட்டியை மூடினார். மூடிவிட்டு, "அந்தப் பக்கத்துப் பையில?" என்று மறு கையையும் நீட்டினார்.